ஃபைல் வந்துருச்சா சார்?

(வாடிக்கையாளருக்கு ஃபைல் அனுப்பிப் பிழைப்பவர்கள் இந்த முறை வரிசை கட்டியிருக்கிறார்கள். ஜூலை மாதம் என்பதால் ஆடிட்டர் ஆபீஸ்களின் கை ஓங்கியிருக்கிறது. மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கும் இடம் உண்டு.)

கே: என் கிளையன்ட்டுகள் பான் கார்டு, பாஸ்புக், வீட்டுக்கடன் சான்றிதழ் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். நானும் ரிட்டர்னை அதிலேயே திருப்பி அனுப்புகிறேன். அதில்தான் என்கிரிப்ஷன் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்? (வரி ஆலோசகர், ஈரோடு)

ப: இருக்கிறது. 2016 ஏப்ரலில் இருந்தே அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும், அந்த நிறுவனமே கூட, படிக்க முடியாது. ஆனால் ஈரோட்டு மளிகைக்கடைக்காரரின் பாஸ்புக்கை நடுவழியில் மறிக்க எந்த உளவாளி காத்திருக்கிறான்? ஆபத்து வழியில் இல்லை, வந்து இறங்கிய இடத்தில் இருக்கிறது. பான் கார்டு உங்கள் போன் கேலரியில் பேத்தியின் பிறந்தநாள் படத்துக்கும் நேற்று வந்த ‘குட் மார்னிங்’ ரோஜாவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. கேலரி மொத்தமும் கூகுள் போட்டோஸுக்குப் போகும்படி வைத்திருந்தால் அங்கேயும் ஒன்று. வேலையை முடிக்கச் சொல்லி உதவியாளருக்கு ஃபார்வர்டு செய்திருப்பீர்கள், அவர் போனில் இன்னொன்று. அவர் போன தீபாவளிக்கு வேறு ஆபீஸில் சேர்ந்திருந்தால், உங்கள் கிளையன்ட்டும் கூடவே போய்ச் சேர்ந்திருக்கிறார். சாட் பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டும் வசதி 2021 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் நாமாக செட்டிங்ஸில் போய் இயக்கினால்தான் உண்டு.

வாட்ஸ்அப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் தொழிலில் அப்படிச் சொன்னால் கடையைச் சாத்துங்கள் என்று அர்த்தம். ஆபீஸுக்கென்று தனி எண், தனி போன் வைத்துக்கொள்ளுங்கள். படங்கள் கேலரிக்குப் போகாதபடி ‘மீடியா விசிபிலிட்டி’யை நிறுத்துங்கள். வந்ததைக் கம்ப்யூட்டரில் அந்தக் கிளையன்ட்டின் ஃபோல்டரில் இறக்கியதும் போனில் அழித்துவிடுங்கள். அவ்வப்போது ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். வேலையை விட்டுப்போனவரின் லேப்டாப் இன்னும் அதில் இருந்தால் எனக்கு எழுதிக் கேட்க வேண்டாம், முதலில் லாக் அவுட் செய்யுங்கள்.

கே: ஃபைலின் பெயரிலேயே ‘மிக ரகசியம்’ என்று போட்டு அனுப்புகிறேன். சரிதானே? (கன்சல்டன்ட், சென்னை)

ப: எதை முதலில் திறக்க வேண்டும் என்று தெரியாமல் திருடன் திண்டாடக் கூடாது என்ற உங்கள் நல்ல மனசு வாழ்க.

கே: வீட்டு பிளான், த்ரீ-டி படங்கள் எல்லாம் சேர்ந்தால் 25 எம்.பி.யைத் தாண்டிவிடுகிறது, ஜிமெயில் ஏற்காது. அதனால் கூகுள் டிரைவில் போட்டு, ‘லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று வைத்து அனுப்புகிறேன். அவ்வளவு நீள லிங்கை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? (ஆர்க்கிடெக்ட், கோவை)

ப: யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்டுபிடிக்கும் வேலையே அவர்களுக்கு இல்லை, தேடி வந்து கொடுப்பார்கள். நீங்கள் வீட்டுக்காரருக்கு அனுப்புவீர்கள். அவர் கான்ட்ராக்டருக்கு, கான்ட்ராக்டர் மேஸ்திரிக்கு, மேஸ்திரி டைல்ஸ் கடைக்கு, டைல்ஸ் கடைக்காரர் ‘இந்த அளவுக்கு எத்தனை பெட்டி ஆகும்’ என்று குடோன் பையனுக்கு. புதுமனைப் புகுவிழாவுக்குள் அந்த வீட்டின் பீரோ எந்த அறையில், கேமரா எந்த மூலையில், பின்கதவு எந்தப் பக்கம் என்பது பீளமேடு முழுக்கத் தெரிந்திருக்கும். இதில் ஹேக்கர் எங்கே வந்தார்?

லிங்கைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். அதாவது வீட்டுக்காரரின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து அவருக்கு மட்டும். ‘திறக்கலை சார், பெர்மிஷன் கேக்குது’ என்று போன் வரும். வந்தால் சந்தோஷப்படுங்கள், பூட்டு வேலை செய்கிறது. மேஸ்திரிக்கு மேஸ்திரியின் தாள் மட்டும் போதும். அவர் பார்க்க வேண்டியது அஸ்திவாரமும் கம்பி விவரமும், மாஸ்டர் பெட்ரூமின் லாக்கர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல் என்றால் வேலை கூடும்தான். ஆனால் லிங்கில் ஒரு சௌகரியம் இருக்கிறது, இணைப்பாகப் போன ஃபைலுக்கு அது கிடையாது. லிங்கை நினைத்த நாளில் மூடலாம். கட்டணக் கணக்காக இருந்தால் இன்ன தேதியோடு தானே மூடிக்கொள்ளும்படியும் வைக்கலாம். வீடு கட்டி முடிந்து பல வருடம் ஆன பிறகும் திறந்து கிடக்கும் லிங்க்குகள் உங்கள் டிரைவில் எத்தனை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணுங்கள். ‘ஷேர்டு’ என்று தேடினாலே நெஞ்சு படபடக்கும்.

கே: சம்பள ஸ்லிப்பை பி.டி.எஃப். ஆக்கி, பிறந்த தேதியை பாஸ்வேர்டாக வைத்து அனுப்புகிறோம். ‘உங்கள் பாஸ்வேர்டு உங்கள் பிறந்த தேதி’ என்று மெயிலிலேயே எழுதிவிடுகிறோம். பக்கா பாதுகாப்புதானே? (எச்.ஆர். சேவை நிறுவனம், ஓசூர்)

ப: ஒரு கணக்கு போடுவோம். வேலையில் இருப்பவர் கடந்த 100 வருடத்துக்குள் பிறந்திருப்பார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தத் தேதிகள் சுமார் 36,500. மனிதன் உட்கார்ந்து அடித்தால் ஓய்வூதியம் வாங்கும் வயசாகிவிடும். கம்ப்யூட்டருக்கு டீ ஆறுகிற நேரம். அதுவும் சக ஊழியர் என்றால் அந்தச் சிரமமும் வேண்டாம், ஆபீஸில் கேக் வெட்டிய நாள் அவருக்கு நினைவிருக்கும்.

வருமான வரித்துறையே அப்படித்தானே செய்கிறது என்று மடக்குவீர்கள். அங்கே ஏ.ஐ.எஸ். அறிக்கைக்குப் பான் எண்ணைச் சின்ன எழுத்தில் போட்டு அதோடு பிறந்த தேதியையும் ஒட்ட வேண்டும், கொஞ்சம் தேவலை. இ-ஆதாருக்குப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். இவை எல்லாம் தவறிப்போய் இன்னொருவர் கையில் விழுந்தால் அவர் சும்மா திறந்துவிடாமல் இருக்க உதவும். வேண்டுமென்றே திறக்க நினைப்பவரைத் தடுக்காது. கோடிக்கணக்கானவர்களுக்கு அனுப்பும் அரசுக்கு வேறு வழியில்லை. 80 பேருக்கு அனுப்பும் உங்களுக்கு இருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளிலேயே ஆளுக்கு ஒரு நீளமான பாஸ்வேர்டை நேரில் கொடுத்துவிடலாம்.

பாஸ்வேர்டையே அதே மெயிலில் எழுதி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது கதவைப் பூட்டிச் சாவியை அதே கதவில் தொங்கவிடுவது. அடுத்த மெயிலில் தனியாக அனுப்பினால்? ஜப்பானில் ஆபீஸ் ஆபீஸாக இந்த வழக்கம் இருந்தது. முதல் மெயிலில் பூட்டிய ஜிப், இரண்டாவது மெயிலில் பாஸ்வேர்டு. முதல் மெயிலைப் பார்க்க முடிந்தவன் இரண்டாவதைப் பார்க்கக் கண்ணை மூடிக்கொள்வானா? போதாக்குறைக்குப் பூட்டிய ஜிப்புக்குள் வைரஸ் இருந்தாலும் சோதிக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. அந்த வழக்கத்தை ‘பி.பி.ஏ.பி.’ என்று, 2016-இல் உலகமெல்லாம் சிரித்த ஒரு பேனா-பைனாப்பிள் பாட்டின் பெயரால் கேலி செய்தார்கள். 2020 நவம்பரில் அங்கே டிஜிட்டல் சீர்திருத்தத்துக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் தகுயா ஹிராய், தம் அரசு அலுவலகங்களில் அதை நிறுத்துவதாக அறிவித்தார். ஃபைல் மெயிலில் போனால் பாஸ்வேர்டு போனில் போகட்டும். குரலில் சொன்னால் இன்னும் நல்லது.

கே: ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியிடுவதற்கு முன், ஒரு பார்ட்டிக்குச் செய்த டிசைனை இன்னொரு பார்ட்டிக்கு அனுப்பிவிட்டார் எங்கள் டிசைனர். இரண்டு பேருக்கும் ஒரே முதல் எழுத்து, மெயில் தானாகவே பெயரை நிரப்பிவிட்டது. இப்போது என்ன செய்வது? (அச்சகம், சிவகாசி)

ப: இந்தக் கேள்வி எனக்குத் தபாலில் வந்திருக்கிறது. ஆகவே ‘இப்போது’ என்பது முடிந்துபோயிருக்கும். அடுத்த ஆடிக்குச் சொல்கிறேன்.

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 விநாடி கிடைக்கும். மாற்றாமல் விட்டால் 5 விநாடிதான். இன்றே 30 ஆக்குங்கள், இந்தப் பக்கத்திலேயே சல்லிசான பாதுகாப்பு இதுதான். வாட்ஸ்அப்பில் சுமார் இரண்டரை நாள் வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். ஆனால் அவர் அதற்குள் இறக்கி வைத்திருந்தால் அழிந்தது உங்கள் நிம்மதிக்கு மட்டும். லிங்காகப் போயிருந்தால் மூடிவிடலாம், மேலே கோவைக்காரருக்குச் சொன்னதுதான்.

‘முந்தைய மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று ஒரு மெயில் போடுவார்கள். அதுவரை பொருட்படுத்தாதவரும் அப்போதுதான் திறந்து பார்ப்பார். போன் செய்து அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கசப்பான காரியம்: யாருடைய டிசைனோ அந்தப் பார்ட்டியிடமும் நீங்களே சொல்லுங்கள். சந்தையில் அவருக்குத் தெரிய வருவதற்கு முன்னால்.

கே: எங்கள் கடை வாசலில் ‘பிரின்ட் எடுக்க இந்த முகவரிக்கு மெயில் பண்ணவும்’ என்று போர்டு வைத்திருக்கிறேன். இன்பாக்ஸில் ஊரே இருக்கிறது. தப்பா சார்? (ஜெராக்ஸ் கடை, தஞ்சாவூர்)

ப: இந்த வாரத்தின் ஒரே நேர்மையான கேள்வி. ஹேக்கர்கள் பற்றிக் கேட்டவர்கள் எல்லாம் தங்கள் ஃபைலை உங்களுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே மறந்துவிட்டது.

கிரையப் பத்திரம், பட்டா, ஹால் டிக்கெட், டைவர்ஸ் மனு, பாஸ்போர்ட், குழந்தையின் ரத்தப் பரிசோதனை. ஒரு தாலுகா அலுவலகத்தில் இல்லாததும் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, தெரியும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் எல்லோரும் வந்து பென்டிரைவ் செருகுகிறார்கள், பகுதிநேரப் பையன் மாறிக்கொண்டே இருக்கிறான், மெயிலின் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

கடை சாத்துவதற்கு முன் ஒரு வேலை. இன்பாக்ஸைக் காலி செய்யுங்கள், குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். ஜிமெயிலில் அழித்தது 30 நாள் அங்கே கிடக்கும். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ரீசைக்கிள் பின் மூன்றும் தினமும். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து பிரின்ட் எடுத்துவிட்டு அப்படியே எழுந்துபோகும் அவசரக்காரரைக் கூப்பிட்டு லாக் அவுட் செய்யச் சொல்லுங்கள். இங்க் தீர்ந்து அரைகுறையாக வந்த ஆதார் நகலைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் கிழித்துப் போடுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று. ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ நகல் என்று ஒன்று உண்டு, இணையத்தில் இலவசமாக இறக்கலாம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்டவர்களுக்கு நகல் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு நகலைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. ஊரே கிடுகிடுத்ததும், தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. அறிக்கைதான் போனது. மாஸ்க்டு ஆதார் இன்றும் இருக்கிறது.

கே: ஒரு மனுவில் சில பெயர்களை மறைத்து எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். பி.டி.எஃப்.பில் அந்த வரிகள் மேல் கறுப்புப் பட்டை போட்டுவிட்டேன். போதுமா? (வழக்கறிஞர், திருச்சி)

ப: பட்டைக்குக் கீழே எழுத்து அப்படியே படுத்திருக்கும். தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, வேறு இடத்தில் ஒட்டினால் எழுந்து உட்காரும். 2019 ஜனவரியில் டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் வாஷிங்டன் நீதிமன்றத்தில் இதே கறுப்புப் பட்டையோடு ஒரு மனு தாக்கல் செய்தார்கள். நிருபர்கள் காப்பி-பேஸ்ட் செய்து, மறைக்க நினைத்ததை அன்றைக்கே செய்தியாக்கினார்கள். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் வழக்கறிஞர்கள்!

‘ரெடாக்ட்’ என்று தனி வசதி உள்ள மென்பொருளைப் பயன்படுத்துங்கள், அது எழுத்தையே நீக்கும். இல்லையென்றால் பழைய முறைக்கு ஈடில்லை: பிரின்ட் எடுத்து, மார்க்கரால் அடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முடியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரும்ப ஸ்கேன். வேர்டு ஃபைலாக அனுப்புகிறீர்கள் என்றால் ‘டிராக் சேஞ்சஸ்’ திருத்தங்களையும் ஓரக் குறிப்புகளையும் நீக்கியாயிற்றா என்று பாருங்கள், அதை அணைத்தால் மட்டும் பழையவை போகாது. நேற்று ராத்திரி ஜூனியருக்கு ஓரத்தில் எழுதிய ‘இந்தப் பாயின்டில் நாம் வீக்’ என்ற குறிப்பு எதிர்த்தரப்புக்குப் போக வேண்டாம்.

கே: என் கட்சிக்காரருக்கு 78 வயது. உயில் வரைவை அனுப்பச் சொன்னால், ‘எனக்கு இந்த பாஸ்வேர்டெல்லாம் வராது, பையன் நம்பருக்கு அனுப்பிடுங்க’ என்கிறார். அனுப்பலாமா? (வழக்கறிஞர், காரைக்குடி)

ப: அந்த உயிலில் பையனுக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று கிண்டலாகச் சொல்லத் தோன்றுகிறது. அதை விட்டு நேராகவே சொல்கிறேன்: அனுப்பாதீர்கள்.

உங்கள் கட்சிக்காரர் அப்பா, பையன் இல்லை. பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு, கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவர் சொன்னதையோ கொடுத்த ஆவணத்தின் சாரத்தையோ வெளியிட வழக்கறிஞரை விடாது. ‘பையன் நம்பருக்கு அனுப்பிடுங்க’ என்றாரே, அதுவே சம்மதம்தானே என்று கேட்கலாம். பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது சொன்னாரா? மருமகள் போனை எடுத்துக் கொடுக்கும்போது சொன்னாரா? செட்டிநாட்டு வீடுகளில் கேட்பதற்கும் கேட்கப்படுவதற்கும் நடுவே எத்தனை வாசல் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா?

இந்தச் சங்கடம் உயிலோடு நிற்பதில்லை. அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் மகளுக்கு, கணவரின் வருமானக் கணக்கு மனைவிக்கு, பங்குதாரர் இருவரில் ஒருவர் கேட்ட பேலன்ஸ் ஷீட் அவருடைய மச்சானுக்கு என்று தினமும் நடக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது. குடும்பத்துக்குள் என்ன ரகசியம் என்று நாம் நினைக்கிறோம். எந்த ஃபைலும் அந்நியர் கையில் கிளப்பாத பூகம்பத்தைச் சொந்தக்காரர் கையில் கிளப்பும்.

பெரியவருக்குத் தனியாகப் போன் செய்து கேளுங்கள். அவர் நிதானமாக, தனியாக இருந்து, ‘ஆமாம், பையனுக்கே அனுப்புங்கள்’ என்றால் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். இல்லையென்றால் பிரின்ட் எடுத்து, உறையில் ஒட்டி, ஜூனியர் கையில் கொடுத்தனுப்பி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்தால் இன்னும் மரியாதை. என்கிரிப்ஷன் கிடையாது, ஆனால் ஊரில் இருக்கும் எந்த ஹேக்கராலும் அதைத் திறக்க முடியாது.

கே: கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்தது. பெயர் முடிவில் ‘ஏ.பி.கே.’ என்று இருந்தது. திறக்கலாமா? (பியூட்டி பார்லர், வேலூர்)

ப: பத்திரிகை படமாக வரும், பி.டி.எஃப்.பாக வரும், வெற்றிலை பாக்கோடு வரும். ஏ.பி.கே. என்பது போனில் நிறுவும் செயலி. அந்தக் கல்யாணத்துக்கு மொய் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே தட்டிவிட்டீர்கள் என்றால் போனின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் அழையுங்கள்.

கே: பரிசோதனை முடிந்ததும் எஸ்.எம்.எஸ்.ஸில் ரிப்போர்ட் லிங்க் போகும்படி உள்ளூர்ப் பையன் ஒருவர் செய்து கொடுத்திருக்கிறார். லிங்கின் கடைசியில் பில் எண் வரும். ரொம்ப வசதியாக இருக்கிறது! (லேப் உரிமையாளர், நாகர்கோவில்)

ப: நோயாளிக்குப் போகும் லிங்கில் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டி அடித்துப் பாருங்கள். அடுத்து வந்தவரின் சர்க்கரை அளவு தெரிகிறதா? அப்படியானால் அந்த வசதி நாகர்கோவில் முழுமைக்கும் பொது.

சிரிக்காதீர்கள், அமெரிக்காவின் பெரிய சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றான ஃபர்ஸ்ட் அமெரிக்கனிலும் இதேதான். வீடு வாங்கியவர்களின் வங்கிக் கணக்கு விவரம், வரி ஆவணம், அடையாள அட்டை எல்லாம் இருந்த லிங்கில் எண்ணை மாற்றினால் அடுத்தவருடையது திறந்தது. 2003-ஆம் வருடம் வரை பின்னோக்கிப் போகும் சுமார் 88.5 கோடி ஆவணங்கள் கடவுச்சொல்லே இல்லாமல் கிடந்ததை 2019 மே மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். யாரும் எதையும் உடைக்கவில்லை. கூட்டல் தெரிந்தால் போதும்.

பையனைக் கூப்பிட்டு, பில் எண்ணுக்குப் பதில் ஊகிக்கவே முடியாத நீள எழுத்துக்கோவை வைக்கச் சொல்லுங்கள். திறக்கும்போது நோயாளியின் போனுக்கு ஓ.டி.பி. போகட்டும். சில நாளில் லிங்க் தானே செத்துவிடட்டும். ஸ்கேன் சென்டர் நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்கேன் படங்களின் டைகாம் ஃபைலுக்குள்ளேயே நோயாளியின் பெயர், வயது எல்லாம் எழுதியிருக்கும். மாநாட்டில் காட்டுவதற்கென்று படத்தை அனுப்பும்போது வெளியே ஃபைல் பெயரை மாற்றினால் உள்ளே பெயர் மாறாது.

கே: அரசு இணையதளங்கள் 200 கே.பி.க்குள் கேட்கின்றன. இலவசமாகச் சைஸ் குறைத்துத் தரும் தளங்களில் போட்டுக் குறைக்கிறோம். ஆபத்தா? (இ-சேவை மையம், திண்டுக்கல்)

ப: சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று அவற்றில் பலவும் எழுதி வைத்திருக்கின்றன. அழிக்கவும் கூடும். ஆனால் அந்தக் கிரையப் பத்திரம் உங்களுடையது இல்லையே! கொடுத்தவரிடம் ‘இதை வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ஏற்றி இறக்கட்டுமா’ என்று கேட்டீர்களா? ஸ்கேன் செய்யும்போதே கலரை விட்டு, கிரேயில், 150 டி.பி.ஐ.யில் எடுத்தால் பெரும்பாலும் சைஸ் தானே அடங்கும்.

இலவசத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, ஒரு நாள் காலையில் அது இருக்காது. 2020 மே மாதம் வீட்ரான்ஸ்ஃபர் தளத்தைத் தொலைத்தொடர்புத் துறை முடக்கியது. அதே வருடம் ஜூனில் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் டிக்டாக் பற்றித்தான் ஊர் பேசியது. கேம்ஸ்கேனரும் ஷேர்இட்டும் போனதில் ஆபீஸ்கள்தான் முழித்தன.

கே: கிளையன்ட்டுகளின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் எல்லாம் எங்கள் ஆபீஸ் டிராயரில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டி பின் நம்பரும் எழுதியிருக்கிறோம். ஃபைல் பாதுகாப்பு பற்றி சார் வகுப்பெடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. (ஆடிட்டர் ஆபீஸ் ஊழியர், சேலம்)

ப: சத்தமில்லாமல் சிரியுங்கள், வேலை முக்கியம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தன் கையெழுத்துச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பை அந்தக் கிளையன்ட் மேல்தான் போடுகிறது. டிராயரில் கிடப்பது ஃபைல் கூட இல்லை, கிளையன்ட்டின் கையே கிடக்கிறது. நாளைக்கு ஒரு கையெழுத்தை அவர் ‘நான் போடவில்லை’ என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? டிராயர் யாருடையதோ அவரை. திருப்பிக் கொடுத்து, வேண்டும்போது வாங்குவதுதான் முறை. ஜூலையிலும் செப்டம்பரிலும் அது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் ஸ்டிக்கரையாவது உரியுங்கள். டிராயருக்குப் பூட்டு, எடுத்ததற்கும் வைத்ததற்கும் ஒரு நோட்டு.

கே: ஜெர்மனி பையருக்கு இன்வாய்ஸ் மெயிலில் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று எங்கள் பெயரில் அவருக்கு இன்னொரு இன்வாய்ஸ் போயிருக்கிறது. அதே லெட்டர்ஹெட், அதே கையெழுத்து! நல்லவேளை, போன் செய்து கேட்டார். (பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்)

ப: பையருக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு அனுப்புங்கள். பி.டி.எஃப். என்றால் மாற்ற முடியாதது என்று நினைக்கிறோம். கணக்கு எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது. யாரோ உங்கள் மெயிலுக்குள்ளோ அவர் மெயிலுக்குள்ளோ உட்கார்ந்து, எந்தத் தேதியில் எவ்வளவு பணம் என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறார். உங்கள் மெயில் செட்டிங்ஸில் யாருக்காவது தானாக ஃபார்வர்டு ஆகிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு அந்த விதியை விட்டுவைத்தால் விருந்தாளி சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். எல்லா பையருக்கும் இன்றே எழுதுங்கள்: எங்கள் கணக்கு எண் மெயில் மூலம் ஒருபோதும் மாறாது, மாறினதாக வந்தால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடு போடுங்கள்.

கே: கல்யாண வீடியோ, படங்கள் எல்லாம் எத்தனை வருடம் நாங்கள் வைத்திருக்க வேண்டும்? (போட்டோகிராபர், மதுரை)

ப: ‘எப்போதும் இருக்கும்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். பில்லிலேயே எழுதுங்கள்: ஒரு வருடம் வைத்திருப்போம், பிறகு அழிப்போம், அதற்கு முன் ஒரு முறை போன் செய்வோம். தெரியாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு கல்யாணமும் உங்கள் பொறுப்பில் இருக்கும் கல்யாணம். இடையில் ஜோடி பிரிந்து, ‘எங்கள் படத்தை ஏன் இன்னும் ஷோரூமில் ஓட்டுகிறீர்கள்’ என்று வந்து நிற்கும்போது தெரியும். பழைய ஹார்டு டிஸ்க்கை விற்கும்போது சும்மா ஃபார்மேட் செய்தால் படம் போகாது, மீட்டுத்தர ஆள் இருக்கிறார்கள். விற்காமல் உடைத்துப் போடுவது லாபம்.

கே: புதுச் சட்டத்தில் 250 கோடி அபராதம் என்கிறார்களே! நாங்கள் மூன்று பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். (இன்ஷூரன்ஸ் முகவர், கடலூர்)

ப: 2023-இன் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம். 250 கோடி ரூபாய் என்பது உச்சவரம்பு. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவைக் கசியவிட்டதற்கு அதிகபட்சமாக அவ்வளவு. உங்கள் மேசை நாற்காலியை விற்றால் அவ்வளவு தேறாது என்பது அபராதம் போடும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரியும், குற்றத்தின் அளவைப் பார்த்துத்தான் போடுவார்கள். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும். சின்ன ஆபீஸ் என்பதால் மட்டும் தானாக விலக்குக் கிடைக்காது. கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையதே. ஆடிட்டர்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை, 1949-ஆம் வருடத்துச் சட்டத்திலேயே கட்சிக்காரர் விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவது தொழில் ஒழுங்கீனம்.

கே: இதற்கெல்லாம் ஒரு நல்ல ‘கிளையன்ட் போர்ட்டல்’ வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது இல்லையா? (ஆடிட்டர், சென்னை)

ப: போர்ட்டலில் கிளையன்ட் நுழைந்தால் தீரும். முதல் மாதம் ஆர்வமாக நுழைவார். இரண்டாவது மாதம் பாஸ்வேர்டு மறந்துபோகும். மூன்றாவது மாதம் ‘சார், வாட்ஸ்அப்ல போட்டுடுங்களேன்’. சந்தா மட்டும் வருடாவருடம் ஒழுங்காக நுழையும். கிளையன்ட்டுகளில் பாதிப் பேராவது கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்கள் என்றால் வாங்குங்கள். வெளிநாடு போக வேண்டியதில்லை, சென்னையிலும் தென்காசியிலும் உட்கார்ந்து ஜோஹோக்காரர்கள் செய்வதும் இருக்கிறது. விலை உயர்ந்தது என்பதால் உடையாது என்றும் எண்ண வேண்டாம். மூவிட் என்று ஒரு மென்பொருள், பாதுகாப்பாக ஃபைல் அனுப்புவதற்கென்றே பெரிய நிறுவனங்கள் வாங்கியது. 2023 மே மாதம் க்ளாப் என்ற கும்பல் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து உலகெங்கும் அள்ளிக்கொண்டு போனது. உள்ளே பழைய ஃபைல்களைக் குவித்து வைத்திருந்தவர்கள் அதிகம் இழந்தார்கள். அனுப்பி முடித்ததை அன்றன்றைக்கு அகற்றியவர்களிடம் அள்ள ஒன்றுமில்லை.

கே: உங்களைப் போன்றவர்கள் பேச்சைக் கேட்டு, ஆடிட்டருக்குக் கொடுப்பதற்கு முன் டேலி கணக்குக்கு டேலிவால்ட் பாஸ்வேர்டு போட்டேன். இப்போது எனக்கே மறந்துவிட்டது. டேலி கம்பெனியில் கேட்டால் எடுத்துத் தருவார்களா? (பருப்பு மொத்த வியாபாரி, விருதுநகர்)

ப: தர மாட்டார்கள், அவர்களாலும் முடியாது. டேலிவால்ட் கணக்கையே என்கிரிப்ட் செய்துவிடுகிறது, மறந்தால் பின்வாசல் கிடையாது. உங்களுக்குத் திறக்காத பூட்டு திருடனுக்கும் திறக்காது என்று ஆறுதல் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். வால்ட் போடுவதற்கு முந்தைய பேக்கப் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆடிட்டர் ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பிய பென்டிரைவ்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. போன வருடத்தது அங்கே ஏதாவது டிராயரில் கிடக்கும். சண்டை போடாமல், கையில் ஒரு கிலோ நல்ல துவரம்பருப்போடு போய்க் கேளுங்கள்.